பாலாடை

தட்டுனாத்தான் தெறக்கும். தொப்பி விளிம்புல விரலால லேசா ஒரு தட்டு, அம்புட்டுத்தான், அம்மாக்காரி கொப்புல வந்து உக்காந்துட்டான்னு நெனச்சுக்கிட்டுக் குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பொளந்துரும். கண்ணு இன்னும் சரியாத் தெறக்கல, தட்டுனது நானா பூனையான்னு அதுக்கு என்ன தெரியும், ஆட்டம் வந்தா வாயைத் தெறக்கணும், அது படிச்ச படிப்பு அவ்வளவுதான். இந்தா, வாங்கிக்கோ. அவிச்ச முட்டையும் பொட்டுக்கடலை மாவும் பெசஞ்சது. ஈரம் ஜாஸ்தி ஆகக்கூடாது, உருண்டை மொளகை விடப் பெருசா இருக்கக்கூடாது, முள்ளுவாங்கி நுனியில புடிச்சு நாக்குக்குப் பின்னால வச்சுட்டுக் கையை எடுத்துரணும். முழுங்கிருச்சு. நல்ல பிள்ளை. இப்பத் திரும்பிக் குண்டியைத் தூக்குவ பாரு, தெரியுமே, தின்ன ஒடனே அந்த வேலைதான், வெள்ளைப் பையில கட்டிப் போட்ட மாதிரி ஒரு பொட்டலம், அதையும் முள்ளுவாங்கியில புடிச்சு எடுத்து வெளிய போட்டுரணும், எடுக்கலன்னா கூடு நாறிப் போயிரும். எனக்கு இந்த வீட்டுல ரெண்டு எடத்துல இந்த வேலை. அங்கயும் கட்டில்ல கெடக்க புருசனைப் பொரட்டிப் போட்டுத் தொடச்சுத் துணி மாத்தணும், இங்கயும் எடுக்கணும். இது எறும்பு கனம் கூட இல்ல, அவுக அப்பிடியா? காலையில வாசல்ல வாதமரத்துக் கொப்பை வெட்டுனாக. எதுக்கு? சாமியானா போட எடம் பத்தாதாம். ஆள் உள்ள மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கு, வாசல்ல பந்தலுக்கு அளவெடுத்தாச்சு. 'வெட்டாதீக, கூடு இருக்கு'ன்னு நான் அடுப்படியில இருந்து ஓடியாரதுக்குள்ள கொப்பு தரையில. ரெண்டு குஞ்சு கொப்புக்கு அடியிலயே போயிருச்சு. இது ஒண்ணு எலைக்கு மேல கெடந்து வாயைத் தெறந்துக்கிட்டு இருந்துச்சு, கொப்பு விழுந்த ஆட்டம்தான், அதுக்கு அதுவும் அம்மாதான். கூட்டோட தூக்கி ஓலைப்பெட்டியில வச்சு மிச்சக் கொப்புல கட்டித்தான் பாத்தேன், தாய் தகப்பன் உசுரோட இருக்கையில நம்ம எடுத்து வளக்கக்கூடாது, மனுசக் கை பட்டா சேத்துக்காதுங்கிறதெல்லாம் சும்மா பேச்சு. ஆனா கீழ வாடகைச் சேரைப் பரப்பிப் போட்டு ஆளுக காப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எந்தக் குருவி வரும்? காம்பவுண்டுச் சொவத்துல தவிட்டுக்குருவிக வரிசையா உக்காந்து கத்து கத்துன்னு கத்துதுக. அதான் அவுக தொப்பியில வச்சு அடுப்படிக்குக் கொண்டாந்துட்டேன், ஆளுக போன பெறகு திரும்பக் கொண்டு போயி வைக்கணும். ஆளுக எப்பப் போவாக? நான் ஒரு வார்த்தை சொன்னாப் போயிருவாக. வேணாம்னு. பால் ஊத்த வேணாம்னு. என் வாயில இருந்துதான் வரணுமாம், பொண்டாட்டி சொல்லணுமாம். இந்தா பாரு, நான் பேசிக்கிட்டே இருந்தா நீ தூங்குற. தூங்கு.

ராகுகாலம் முடியட்டும்னு மதினி சொல்லியிருக்காக. மதினின்னா அவுக கூடப் பெறந்த அக்கா, சீனியம்மா மதினி, தூக்கி வளத்தவுக, அதைத் தெனமும் ஒரு தடவையாச்சும் சொல்லிரணும் அவுகளுக்கு. 'என் இடுப்புல வளந்த பிள்ளை, இப்பிடி இழுத்துக்கிட்டுக் கெடக்கதை என் கண்ணால பாக்கணுமா.' பொய்யில்ல, அழுகையும் பொய்யில்ல. அழுதுக்கிட்டே எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிருவாக. ஊர்ல இருந்து புஞ்சை மண்ணு எடுத்தாரச் சொல்லித் தண்ணியில கரைச்சு ஒதட்டுல தடவியாச்சு, மண்ணாசையா இருந்தா போயிரும்னு. வெள்ளிக்காசை ஒரசித் தடவியாச்சு. எதுக்கும் போகல. எதுக்காகத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்கானோன்னு வர்றவுக எல்லாம் கேக்காக, என்னயப் பாத்துக் கேக்காக, நான் என்னமோ முந்தானையில முடிஞ்சு வச்சிருக்க மாதிரி. நாளைக்கு விடியக்காலம் அவிட்டம் பெறக்குது. அடைப்பு. அவிட்டத்துல இருந்து ரேவதி முடியுற வரைக்கும் உசுரு போனா அந்த ரூமைப் பூட்டிப் போடணும், மாசக்கணக்கா யாரும் பொழங்கக்கூடாது, அந்தியானா அங்க வெளக்கு வைக்கணும், சில வீட்டுல சொவத்தை இடிச்சு அது வழியாத்தான் தூக்கிட்டுப் போவாக. 'வீடு வீணாப் போயிரும்த்தா, பிள்ளை கல்யாணம் காச்சி நடக்க வேண்டிய வீடு, இன்னைக்கே நல்லபடியா அனுப்பி வச்சிருவோம்.' அனுப்பி வச்சிருவோம். மெட்ராசுக்குப் பஸ் ஏத்தி விடுற மாதிரி. உறவுக்காரவுக ஒவ்வொருத்தரா வந்து ஒரு மடக்கு பால் ஊத்துனா மனசு குளுந்து போயிரும், அதான் கணக்கு. அவுகளுக்கு அது மருந்து மாதிரி, மரியாதை மாதிரி. யாரும் கெட்டவுக இல்ல. அதுதான் தொல்லையே, கெட்டவுகளா இருந்தா வெளக்கமாத்தை எடுத்துருவேன். மதினி பரண்ல இருந்து என் மகன் கதிரேசனுக்கு நான் பால் புகட்டுன வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்துப் புளி போட்டு வெளக்கி வச்சிருக்காக, பளபளன்னு, மூக்கு நீட்டிக்கிட்டு அங்க மேடையில இருக்கு, நான் இங்க ஸ்டூல்ல உக்காந்தாலும் என் கண்ணு அது மேலதான் போகுது. டம்ளர் வச்சு மறைச்சேன். டம்ளருக்குப் பின்னால மூக்கு தெரியுது. பால் அடுப்புல காஞ்சு ஆறிக்கிட்டு இருக்கு, சூடா ஊத்தக்கூடாதாம், சுட்டுருமாம். சுட்டுருமாம்! அந்தப் பால் எங்க போகும்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுல எனக்கும் அவுகளுக்கும் மட்டுந்தான் தெரியும். அவுக பேச மாட்டாக. நான் பேசலாம்.

காலையில எல்லாரும் வர்றதுக்கு முன்னால, வெள்ளைத்துணியைக் கஞ்சித்தண்ணியில நனைச்சு அவுக தலையைப் பக்கவாட்டுல சாச்சு கடவாயில வச்சேன். சும்மா ஒதடு காஞ்சிருக்கேன்னு வச்சேன். தொண்டைக்குழி ஏறி எறங்குச்சு. நான் நெசமாத்தான் பாத்தேனா? மறுக்கா வச்சேன். மறுக்கா ஏறி எறங்குச்சு. முழுங்குறாக. போன வாரம் மூக்கு வழியாக் கஞ்சி எறக்குற கொழாய் வெளிய வந்துருச்சு, அவுகளே நல்ல கையால பிடுங்குனாகளா, பொரண்டதுல வந்துச்சா, தெரியாது. திரும்பப் போட நர்சு வரணும். 'போதும் வேலு, இன்னும் எத்தனை கொழாய்'னாக மதினி. நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நான் எதுக்குமே எதையும் சொல்லல, என் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? இனிமே எதுவும் உள்ள எறங்காதுன்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு, அந்த முடிவுலதான் கொப்பு விழுந்துச்சு, சேர் வந்துச்சு, கதிரேசன் ஓசூர்ல இருந்து லீவு சொல்லிட்டு வந்தான். இப்பப் போயி முழுங்குறாகன்னு சொன்னா? சொல்லணும். சொல்லியிருக்கணும், காலையிலயே, துணி கையில இருக்கும்போதே. ஏன் சொல்லல. கூடு விழுந்துச்சு, குஞ்சைப் பாத்தேன், அதுல மறந்து போச்சு. மறந்து போச்சாம்ல. வேலுத்தாயி, யாருகிட்டச் சொல்ற இந்தக் கதையை?

பால் கதை இந்த வீட்டுக்குப் புதுசா? கல்யாணமான புதுசுல அவுக கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்தாக. காக்காய்க கம்பத்து உச்சியில கட்டுக்கம்பியும் ஹேங்கருமாக் கொண்டு வந்து கூடு கட்டிரும், மழைக்கு நனைஞ்சா லைன் பட்டுன்னு போயிரும், ஏறிக் கலைக்கணும், அது அவுக வேலை. மத்த ஆளுக மேல இருந்தே தட்டி விட்டுட்டு எறங்கிருவாக. இவுக தலைத்தொப்பியைக் கழத்தி அதுல குஞ்சுகளை வச்சு, அன்னைக்குப் பூரா வெறுந்தலையோட சைக்கிள் மிதிச்சு வீட்டுக்குக் கொண்டாந்துருவாக. இதே மஞ்சத் தொப்பி இல்ல, அது வேற, அது ஒடஞ்சு போச்சு, இது பின்னால குடுத்தது. நான் கத்துவேன், 'எழவு காக்காயைப் போயி வீட்டுக்குள்ள கொண்டாருவாகளா, எங்கம்மா பாத்தா என்ன சொல்லும்'னு. அவுக சிரிச்சுக்கிட்டே, 'கரண்டு நம்ம குடுத்தது வேலு, கம்பமும் நம்ம நட்டது, அதுக்கு வீடு நம்மதான குடுக்கணும்'னு சொல்லுவாக. பேச்சுல கெட்டிக்காரவுக. பச்சப்பிள்ளைக்கு என்ன குடுப்பாக? பாலு. வீட்டுல பாலாடை இருந்துச்சு, எங்கம்மா சீர்ல குடுத்தது, கதிரேசன் அப்ப வயித்துல. அவுகதான் மடியில குஞ்சை வச்சுக்கிட்டு, காக்காக் குஞ்சு ரோசாப்பூ கலருல வாயைத் தெறக்க, பாலாடை மூக்கை உள்ள விட்டு ஊத்துனாக. எம்புட்டு ஆசையா ஊத்துனாக! குஞ்சு ஒரு தரம் தலையைச் சிலுப்புச்சு. மூக்கு ஓட்டையில பால் கொமிழ் ஒண்ணு வந்து ஒடஞ்சுச்சு. பெறகு மூச்சு விடும்போதெல்லாம் களுக் களுக்னு ஒரு சத்தம், கடியாரம் ஓடுற மாதிரி சின்னச் சத்தம். அடுத்ததுக்கும் ஊத்துனாக. ரெண்டும் பொழுது சாயுறதுக்குள்ள போயிருச்சு. பெரிய மனுசன் தேம்பித் தேம்பி அழுதாக, நான் சிரிச்சுப்புட்டேன் முதல்ல. மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டருகிட்டப் போயி நின்னாகளாம். அவரு, 'காக்கா என்னைக்குய்யா பால் குடிச்சு வளந்துச்சு? நாக்குக்குப் பின்னால மூச்சுக்கொழாய் வாசல் தெறந்தே கெடக்கு, நீ ஊத்துனா அது நேரா நெஞ்சுக்குள்ளதான் போகும், அது தண்ணியில முங்கிச் செத்த மாதிரிதான்'னாராம். அன்னையில இருந்து இந்த வீட்டுல எந்தக் குஞ்சுக்கும் யாரையும் ஒரு சொட்டு ஊத்த விட்டதில்ல. 'ஊத்தாத வேலு, தொட்டு வை.' மைனா வந்துச்சு, செம்போத்து வந்துச்சு, பேரு தெரியாத பொடிசுக வந்துச்சுக, ஒவ்வொண்ணுக்கும் அதையே சொல்லுவாக, நான் நூறு தரம் கேட்டவ, எனக்கே சொல்லுவாக. 'தொட்டு வை. ஊத்தாத.' காது புளிச்சுப் போச்சு. இப்பச் சொல்ல ஆள் இல்ல. அந்த ரூம்ல இருந்து சத்தமாச் சொல்லிட்டாத்தான் என்ன, ஒரே ஒரு தரம், எந்திரிச்சு உக்காந்து, ஏ சீனியக்கா ஊத்தாதன்னு சொல்லிட்டா நான் எதுக்கு இங்க கெடந்து மண்டையைப் பிச்சுக்கிறேன்.

கதிரேசன் வந்து நிக்கான். நெலைப்படியில சாஞ்சுக்கிட்டு, அப்பனை உரிச்சு வச்ச மாதிரி, ஒரு கால் மேல ஒரு காலை வச்சுக்கிட்டு. நான் திரும்பல. "சாப்பிட்டியாம்மா?" "நீ சாப்பிட்டியா?" "ம்." எட்டித் தொப்பிக்குள்ள பாத்தான். "அப்பா தொப்பிதான?" "வேற யாரு தொப்பி இருக்கு." "இது பொழைக்குமாம்மா?" "அரை மணிக்கு ஒருக்கக் குடுத்தாப் பொழைக்கும்." "யாரு குடுப்பா?" "நான்தான். வேற யாரு குடுப்பா?" அவன் அப்பா ரூம் பக்கம் திரும்பிப் பாத்தான். இவனும் கேக்கான், நான் எதைச் சொல்றேன்னு இவனுக்கும் தெரியுது. "அத்தை கேக்கச் சொன்னாகம்மா. ராகுகாலம் முடியப் போகுது. நீ என்ன சொல்றியோ அதான். நீ வேணாம்னா நான் அத்தைகிட்டப் பேசுறேன்." "நீ என்ன நெனைக்க?" "நான் என்னத்தைச் சொல்ல. நீதான பாக்க. நான் வெள்ளிக்கிழமை போயிருவேன்." போயிருவான். பொய் சொல்லாத பிள்ளை, சின்னப் பிள்ளையில இருந்தே பொய் வராது. அவன் மேல கோவமா வருது, என்ன கோவம், அவன் என்ன தப்பாச் சொன்னான். ஓசூர்ல கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை பாக்கான், நான் இங்க குனிஞ்சுக்கிட்டே பாக்கேன். "அப்பா வாயைத் தெறக்காகம்மா," தொப்பியைப் பாத்துக்கிட்டே சொன்னான், "அத்தை கட்டில்ல போயி உக்காந்தாலே வாயைத் தெறக்காக. அத்தை சொல்றாக, பாலுக்குத்தான் கேக்கான்னு. பசிக்குமோம்மா?" அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. தலைமாட்டுல யாரு உக்காந்தாலும் டக்குனு ஆடும், செங்கத் துண்டு வச்சு நானே எத்தனை தரம் சரி பண்ணியிருக்கேன், தொடைக்கும்போது நகந்து போயிரும். ஆட்டம் வந்தா வாய் தெறக்கும். பசியில்லடா, கட்டில் ஆடுது, இந்தக் குஞ்சைப் பாரு, நான் தட்டுனாலும் தெறக்கும், நீ தும்முனாலும் தெறக்கும், அப்பா இந்த நெலமைக்குத் திரும்பிப் போயிட்டாக, அம்புட்டுத்தான், செங்கலை எடுத்து வைன்னு சொல்லலாம். "தெரியலடா"ன்னு சொன்னேன். தெரியலடான்னு நான்தான் சொன்னேன். அவன் அத்தைகிட்டப் போனான்.

என்ன பயம்ங்கிற எனக்கு? செத்துப் போயிருவாகன்னா? அந்தப் பயம் பொங்கல் கழிஞ்ச வாரம், பாத்ரூம்ல விழுந்து வாய் கோணிக் கெடந்தப்பவே வந்து, ஆஸ்பத்திரி வராண்டாவுல என் கூடவே படுத்து எந்திரிச்சு, பழகிப் போயி இப்ப எங்கயோ போயிருச்சு. பொழச்சுக்குவாகன்னுதான் பயமா? சொல்லிட்டேன். மனசுக்குள்ளதான சொன்னேன், யாருக்குக் கேக்கும். முழுங்குறாகன்னு சொன்னா சேரெல்லாம் லாரியில ஏறிப் போயிரும், மதினி மூக்கைச் சிந்திட்டு ஊருக்குப் போயிருவாக, கதிரேசன் வெள்ளிக்கிழமை போயிருவான். பெறகு நானும் அவுகளும். காலையில பொரட்டணும், மத்தியானம் பொரட்டணும், முதுகுப் புண்ணுல மருந்து வைக்கும்போது கண்ணு மட்டும் என்னயப் பாக்கும், கத்த முடியாது, கண்ணுல தண்ணி மட்டும் காதுப் பக்கம் வழியும். அதை நான் தொடைக்கணும். அரை மணிக்கு ஒருக்க. குஞ்சு இன்னும் கொஞ்ச நாள்ல றெக்கை மொளச்சு சன்னல் கம்பியில உக்காந்து பறந்துரும். அவுக எங்க பறக்க? இந்த மனுசன் மேல எனக்குப் பிரியம் இல்லயா? யாரு சொன்னா? எனக்குப் பொரை ஏறுனா அவுகதான் எந்திரிச்சு வந்து உச்சந்தலையில தட்டுவாக, 'யாரோ உன்னைய நெனைக்காக வேலு'ன்னு. அவுகளுக்குப் பொரை ஏறும்போது நான் தட்டுனா, 'எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டே நெனைக்கணுமாக்கும்? பேசுனாப் போதாதா?'ன்னு இருமிக்கிட்டே கேப்பாக, கண்ணுல தண்ணி வர, சோறு செதற. இப்ப எதுத்தாப்புல உக்காரவே மாட்டேங்கிறேனே. குஞ்சைச் சாக்கு வச்சு காலையில இருந்து அடுப்படியிலயே கெடக்கேன். அந்தப் பக்கம் போனா அவுக கண்ணு என்னயத் தேடும். தேடுதோ, சும்மா உருளுதோ. சித்த முன்னால தண்ணிச் சொம்பு எடுக்கப் போனப்ப நெலைக்கு வெளிய நின்னு பாத்தேன், மோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக, அங்க ஒரு ஒட்டடை தொங்குது, அதைத்தான் பாத்தாக. நான் வந்தது தெரியாம இருக்கணும்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், கட்டுன புருசன் ரூமு வாசல்ல திருடி மாதிரி. கையில கண்ணாடி வளையல், அதைக் கூட நகத்தாம புடிச்சுக்கிட்டேன். மதினி கட்டில்ல உக்காந்து காலைப் புடிச்சு விட்டுக்கிட்டு இருந்தாக, "என் ராசா, என் முனியராசு, எந்த ஆசையில கெடக்க, அக்காகிட்டச் சொல்லு"ன்னு. அவுக அழுறது எனக்குப் பொறுக்க மாட்டாம வந்துட்டேன். எனக்கு அழுகை வரல. அங்க நின்னு அழுற உரிமையை நான் மதினிக்கே விட்டுட்டேன் போல.

சொல்லிரணும். இப்பப் போயி, நேராப் போயி, மதினி, காலையில முழுங்குனாக, நான் பாத்தேன், பால் வேணாம், நர்சைக் கூப்பிடுங்கன்னு. மூணு வார்த்தை. முழுங்குறாக. வேணாம் மதினி. வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தேன், நல்லாத்தான் வருது. வேணாம் மதினி. இன்னொரு தரம். வேணாம் மதினி, ஊத்தாதீக, தொட்டு வைங்க. இந்தக் குஞ்சு முழிச்சுக்கிச்சு. கீச்சு கீச்சுனு தொண்டையில இருந்து வருது, காலையில இருந்ததுக்கு இப்பத் தெம்புதான். குடுத்துட்டுப் போயிருவோம், இதுக்கு நேரமாச்சு, ஒரு நேரம் தவறுனாச் சோந்துரும், குடுத்துட்டு ஒடனே எந்திரிச்சுருவேன். மாவு காஞ்சு போச்சு, கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பெசையணும். அய்யோ, தண்ணி ஜாஸ்தியா விழுந்துருச்சு. மதினி வாராக. கொலுசு இல்லாத காலு, இழுத்து இழுத்து நடக்குற நடை. மேடையில டம்ளரை நகட்டிட்டுப் பாலாடையை எடுத்தாக, மறு கையில பால் கிண்ணி. என் பக்கத்துல வந்து நின்னாக. என் தலையில கை வச்சாக. வச்சாகளே, சத்தியமா அந்தக் கை எங்கம்மா கை மாதிரி இருந்துச்சு. "நேரமாச்சுத்தா. முதல்ல நீதான் ஊத்தணும், பொண்டாட்டி கையால எறங்கணும், அதுக்குத்தான் காத்துக்கெடக்கு அந்த உசுரு. வாரியா? உனக்கு மனசு ஒப்பலன்னா இப்பயே சொல்லிரு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு ஊரைப் பாக்கப் போயிருறேன்." சொல்லிட்டாக. தட்டுல வச்சு நீட்டிட்டாக, நான் எடுத்துக்கிட்டாப் போதும். வேணாம் மதினி. நாக்கு நுனியிலதான் இருந்துச்சு. நான் குஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தேன், அது வாயைத் தெறந்துக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்துச்சு, என் வாய் பந்தியில பக்கத்து எலைக்காரவுகளுக்குச் சொல்ற மாதிரி, வழக்கமாச் சொல்ற குரல்லயே சொல்லிருச்சு: "நீங்க ஆரம்பிங்க மதினி. இதுக்கு ஒரு வாய் குடுத்துட்டு இந்தா வந்துட்டேன்."

மதினி என் தலையில இருந்து கையை எடுத்தாக. பெறகு அந்த நடை திரும்பிப் போச்சு. நான் என்ன சொன்னேன்? ஆரம்பிங்கன்னா சொன்னேன்? இப்பக் கூட எந்திரிச்சு ஓடலாம், இந்த அடுப்படிக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ஒரு பட்டாசாலைதான், கூப்பிட்டாக் கூடக் கேக்கும், மதினின்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும். உக்காந்திருக்கேன். காலு இருக்கு, எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. வாசல்ல சேரெல்லாம் தரையில ஒரசுது, எல்லாரும் எந்திரிச்சு உள்ள வாராக. டக். கட்டில் ஆடுச்சு. மதினி தலைமாட்டுல உக்காந்துட்டாக. "பாருங்க, பாருங்க, எம்புட்டு ஆசையாத் தெறக்கான் வாயை, பொண்டாட்டி பால் காச்சுனான்னு தெரிஞ்சுபோச்சு என் ராசாவுக்கு." மாவு நெகுநெகுன்னு இருக்கு. இப்பிடிக் குடுக்கக்கூடாது, வழுக்கி மூச்சுக்கொழாய்க்குப் போயிரும். கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு அள்ளிப் போட்டேன். பெசஞ்சேன். கெட்டியாகுது. உள்ள பால் கிண்ணியில பாலாடை முட்டுற சத்தம் கேக்குது. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காக போல. பெறகு இருமல். அவுக இருமல்தான், இந்த இருமலோட எத்தனை வருசம் இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா. கதிரேசன் ஓடியாந்துட்டான், "அம்மா, அப்பாவுக்குப் பொரை ஏறுதும்மா, வாம்மா." நான், "சத்தம் போடாதடா, சாப்பிடுது, பயந்துரும்"னேன். அவன் என்னயப் பாத்தான். அவன் பாத்ததை நான் பாக்கல. உள்ள மதினி உச்சந்தலையில தட்டுற சத்தம் கேக்குது, மெதுவாத் தட்டுறாக, பிள்ளையைத் தட்டுற மாதிரி, "ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல, யாரோ உன்னைய நெனைக்காக." அந்தச் சத்தமும் வந்துருச்சு, களுக் களுக்னு, பட்டாசாலை தாண்டி இங்க வரைக்கும் கேக்குது, வேற யாருக்கும் அது என்னன்னு தெரியாது. யாரு நெனைப்பா. நான்தான் நெனைக்கேன். மொளகு அளவுக்கு உருட்டி முள்ளுவாங்கி நுனியில எடுத்தேன். தொப்பி விளிம்புல லேசாத் தட்டுனேன். வாயைத் தெறந்துச்சு.